சேலம் ஜங்ஷன்: ஊரைத் தொடாமல் போன பாதையும் அதன்மேல் வளர்ந்த நிலையமும்

சேலம் ஜங்ஷனில் இறங்கி வெளியே வந்ததும் காதில் விழும் முதல் கேள்வி, "புது பஸ் ஸ்டாண்டா, பழைய பஸ் ஸ்டாண்டா?" என்பதுதான். டிக்கெட்டில் சேலம் என்று அச்சிட்டிருந்தாலும் நிற்கும் இடம் சூரமங்கலம். செவ்வாய்ப்பேட்டையும் கோட்டையும் பழைய பேருந்து நிலையமும் இன்னும் சில கிலோமீட்டர் கிழக்கே இருக்கின்றன. நூற்று அறுபது ஆண்டுகளுக்கு முன் தண்டவாளம் போட்டவர்கள் எடுத்த ஒரு முடிவின் விளைவு இது. ஜங்ஷனின் யார்டு (ரயில்களை நிறுத்தவும் பிரிக்கவும் உள்ள பாதைத் தொகுதி), நடைமேடை, மேம்பாலம், கிளைப் பாதைகள் பிரியும் விதம் என்று எதைப் பார்த்தாலும் அந்த முடிவில்தான் போய் நிற்கிறது. அதை அடியிலிருந்து பிரித்துப் பார்ப்பதே இந்த நிகழ்வு ஆய்வின் வேலை.

பாதை ஏன் ஊருக்குள் வரவில்லை

மெட்ராஸ் ரயில்வே கம்பெனி 1856 ஜூலை 1 அன்று ராயபுரத்திலிருந்து ஆற்காடு வரை, அதாவது இன்றைய வாலாஜா ரோடு வரை, தென்னிந்தியாவின் முதல் பயணிகள் ரயிலை ஓட்டியது. மேற்குக் கடற்கரையைத் தொடுவதுதான் அதன் குறி. ஜோலார்பேட்டை, திருப்பத்தூர் தாண்டி 1861இல் பாதை சேலத்தை எட்டியது. சங்ககிரி, போத்தனூர் வழியாக 1862இல் மேற்குக் கடற்கரைப் பகுதியோடு இணைந்துவிட்டது. கம்பெனிக்குச் சேலம் வழியில் கிடந்த ஒரு ஊர், அவ்வளவுதான்.

வரைபடத்தை விரித்தால் காரணம் புரியும். வடக்கே சேர்வராயன் மலை சுவர் போல நிற்கிறது. மொரப்பூர், பொம்மிடி தாண்டி வரும் பாதை அந்த மலையின் மேற்கு ஓரமாக லோக்கூர் காட்டுக்குள் நுழைந்து, டேனிஷ்பேட்டை, தின்னப்பட்டி, கருப்பூர் என்று இறங்குகிறது. அடுத்த குறி தென்மேற்கே சங்ககிரி. கருப்பூரிலிருந்து சங்ககிரிக்குக் கோடு போட்டால் அது சூரமங்கலத்தை ஒட்டித்தான் போகும். ஊருக்குள் நுழைய வேண்டுமானால் கிழக்கே வளைந்து, திருமணிமுத்தாற்றுப் படுகையில் வீடும் தறியும் நெருக்கிக் கிடந்த பகுதிக்குள் புகுந்து, மறுபடி மேற்கே வளைய வேண்டும். நீளமும் கூடும், வளைவும் கூடும், நில விலையும் கூடும்.

இன்னொரு காரணம் மட்டம். நிலைய யார்டின் தரைச்சரிவு 400க்கு 1க்கு மேல் செங்குத்தாக இருக்கக் கூடாது, 1200க்கு 1 என்ற அளவே விரும்பத்தக்கது என்று இந்திய ரயில்வேயின் அளவு விதிகள் சொல்கின்றன. அதற்கு மேல் சரிந்தால் எஞ்சின் கழற்றிய பெட்டிகள் தாமே உருளத் தொடங்கும். உருளைத் தாங்கி பொருத்திய இன்றைய வேகன்களில் இந்த ஆபத்து பழைய வேகன்களைவிட அதிகம். லோக்கூர் இறக்கத்தை முடித்து வரும் பாதைக்கு, நீளமான சமதளம் ஒன்று அவசியம். சூரமங்கலத்தின் வெட்டவெளி அதைக் கொடுத்தது. ஊரின் வசதியை மட்டும் வைத்து இந்த இடத்தைக் குறை சொல்பவர்கள் இந்த மட்டக் கணக்கைக் கவனிப்பதில்லை. எங்கள் கணிப்பில், ஊருக்குள் நிலையம் வைத்திருந்தால் அது ஜங்ஷனாக வளர இடமே இருந்திருக்காது.

கிளைகள் ஒட்டிய வரிசை

1907 முடிவில் மெட்ராஸ் ரயில்வேயின் ஒப்பந்தம் முடிந்தது. 1908 முதல் ஜோலார்பேட்டைக்குத் தெற்கே மங்களூர் வரையிலான பாதை தென்னிந்திய ரயில்வே கம்பெனியின் கைக்கு வந்தது. இந்தக் கைமாற்றம் சேலத்துக்கு முக்கியமானது. தென்னிந்திய ரயில்வேயின் வலைப்பின்னலில் பெரும்பகுதி மீட்டர்கேஜ், தண்டவாள இடைவெளி 1000 மி.மீ. சேலம் வழிப் பாதையோ 1676 மி.மீ. பிராட்கேஜ். ஒரே கம்பெனியின் இரண்டு உலகங்கள் சூரமங்கலத்தில் சந்தித்துக்கொண்டன.

இருபதாம் நூற்றாண்டின் முற்பகுதியில் மீட்டர்கேஜ் கிளை ஒன்று ஜங்ஷனிலிருந்து ஊருக்குள் போய், ஆத்தூர், சின்னசேலம் வழியாக விருத்தாசலத்தைத் தொட்டது. ரயில் ஊருக்குள் நுழைந்தது இதன் மூலம்தான். சேலம் மார்க்கெட், சேலம் டவுன் என்ற இரண்டு நிலையங்களும் இந்தக் கிளையில் இருக்கின்றன. விருத்தாசலம் வழியாக வரும் ரயிலில் பழைய பேருந்து நிலையப் பக்கம் போகிறவர்கள் டவுனில் இறங்கிவிடுவது நல்லது. ஜங்ஷன் வரை போனால் அதே தூரத்தைத் திரும்பக் கடக்க வேண்டியிருக்கும்.

மேட்டூர் கிளையின் கதை வேறு. 1925இல் தொடங்கி 1934இல் முடிந்த மேட்டூர் அணை வேலைக்குச் சாமான் கொண்டுபோகப் போட்ட பாதை அது. சரக்கை இடையில் இறக்கி ஏற்ற முடியாது என்பதால் பிராட்கேஜிலேயே போட்டார்கள். அணை கட்டி முடித்த பிறகும் அது சும்மா கிடக்கவில்லை. இன்று அதன் பெரிய வாடிக்கையாளர் மேட்டூர் அனல்மின் நிலையம். நிலக்கரி வேகன்கள் ஓமலூர் வழியாக அங்கே போகின்றன.

1960களில் பெங்களூர்ப் பாதை வந்தது. ஓசூர், தர்மபுரி, ஓமலூர் வழியான அது மீட்டர்கேஜ். ஆக ஓமலூர்ப் பக்கம் மேட்டூருக்குப் பிராட்கேஜும் பெங்களூருக்கு மீட்டர்கேஜும் என்று இரண்டு அகலமும் ஓடின. 1990களில் பெங்களூர்ப் பாதை அகலமானது. விருத்தாசலம் பாதை 2007இல் அகலமானது. கடைசியாக 2013இல் ராசிபுரம், நாமக்கல், மோகனூர் வழியாகக் கரூருக்குப் புதிய பாதை திறந்தார்கள். மோகனூருக்கும் வாங்கலுக்கும் இடையே அது காவிரியைக் கடக்கிறது. முன்பு கரூருக்கு ஈரோட்டைச் சுற்றிச் சுமார் 125 கி.மீ. போக வேண்டும். இப்போது 85 கி.மீ. போதும்.

இவற்றில் ஓமலூர்க் கிளை ஜங்ஷனிலேயே பிரிவதில்லை. வடக்கே மேக்னசைட் ஜங்ஷன் வரை பிரதான பாதையோடு வந்து அங்கே பிரிகிறது. பெயரைக் கேட்டாலே காரணம் தெரியும்: சூரமங்கலத்துக்கு வடக்கே ஏற்காடு அடிவாரம் நோக்கிக் கிடக்கும் வெள்ளைக்கல் கரடுகள். உலைச் செங்கலுக்கான மேக்னசைட் அங்கேதான் வெட்டப்பட்டது.

அகலப் பாதை ஆக்குவது என்றால் என்ன

கேஜ் மாற்றம் என்றதும் தண்டவாளத்தை 676 மி.மீ. தள்ளிப் போடுவது என்று நினைப்பவர்கள் உண்டு. ஜங்ஷன் யார்டில் தண்டவாளம்தான் மிகச் சுலபமான பகுதி.

முதல் சிக்கல் பக்கத்துப் பக்கத்துப் பாதைகளின் நடுக்கோட்டு இடைவெளி. மீட்டர்கேஜில் அது 4 மீட்டருக்குச் சற்றுக் குறைவு. பிராட்கேஜில் பழைய பாதைகளுக்குக் குறைந்தது 4725 மி.மீ., புதிதாகப் போடுபவற்றுக்கு 5300 மி.மீ. ஆகவே மூன்று மீட்டர்கேஜ் பாதை கிடந்த இடத்தில் இரண்டு பிராட்கேஜ் பாதைதான் அடங்கும். யார்டில் பாதையின் எண்ணிக்கை குறைகிறது, ரயிலின் நீளமோ கூடுகிறது. கேஜ் மாற்றத்துக்குப் பின் பல நிலையங்களில் "பாதை அகலமாச்சு, நிறுத்த இடம் போச்சு" என்ற நிலை வந்தது இதனால்தான்.

இரண்டாவது நடைமேடை. பிராட்கேஜ் உயர்மட்ட நடைமேடை தண்டவாள மேல்மட்டத்திலிருந்து 760 முதல் 840 மி.மீ. உயரம் இருக்க வேண்டும். அதன் விளிம்பு தண்டவாள நடுக்கோட்டிலிருந்து 1670 முதல் 1680 மி.மீ.க்குள் நிற்க வேண்டும். இந்தப் பத்து மில்லிமீட்டர் விளிம்புதான் காப்பிங் கல், அதாவது விளிம்புக் கல், வைக்கும் கொத்தனாரின் திறமையைச் சோதிக்கும் இடம். உள்ளே வந்தால் பெட்டி உரசும். வெளியே போனால் ஏறுகிறவரின் கால் இடுக்கில் போகும். பழைய மீட்டர்கேஜ் நடைமேடையில் உயரமும் ஒத்துவராது, விளிம்புத் தூரமும் ஒத்துவராது. சுவரை இடித்துக் கட்டுவதைத் தவிர வழியில்லை.

மூன்றாவது, ஜல்லி. 65 மி.மீ. கருங்கல் ஜல்லி, ஸ்லீப்பருக்கு (தண்டவாளத்தைத் தாங்கும் குறுக்குக் கட்டைக்கு) அடியில் 300 மி.மீ.க்குக் குறையாத மெத்தை, கிலோமீட்டருக்கு 1660 ஸ்லீப்பர். சேலத்தில் கல்லுக்குப் பஞ்சமில்லை. சேர்வராயனே சார்னோக்கைட் என்னும் கெட்டிக் கருங்கல்லால் ஆன மலை. சிக்கல் கல்லில் இல்லை, வடிகாலில். யார்டு சமதளமாக இருப்பதால் தண்ணீர் தானாக ஓடாது. இரண்டு பாதைகளுக்கு நடுவே வடிகால் தூர்ந்துவிட்டால் மண் ஜல்லிக்குள் ஏறி, மழைக்குப் பின் ஸ்லீப்பர் அடியில் சேறு பீச்சும். அந்த இடத்தில் தண்டவாளம் தாழும்.

நீளத்தின் கணக்கு

ஜங்ஷனில் நடக்கும் தாமதத்தில் பெரும்பங்கு நீளமும் வேகமும் சேர்ந்த எளிய கணக்கு. அதைப் புரிந்துகொண்டால், "ஏன் அவுட்டரில் (நிலையத்துக்கு வெளியே உள்ள சிக்னலில்) நிறுத்துகிறான்?" என்ற கேள்விக்குப் பாதிப் பதில் கிடைக்கும்.

நிலக்கரி ரயில் ஒன்று 58 அல்லது 59 வேகன். ஒரு வேகன் சுமார் 10.7 மீட்டர். எஞ்சினும் பிரேக் வேனும் சேர்த்தால் மொத்தம் 650 மீட்டருக்கு மேல். அதனால்தான் பிரதான பாதையிலிருந்து பிரிந்து மறுபடி அதில் சேரும் லூப் பாதையின் நிறுத்த நீளத்துக்கு 686 மீட்டர் என்ற அளவு வந்தது. இந்த ரயில் பிரதான பாதையிலிருந்து லூப்புக்குள் நுழையும்போது பாயிண்ட்டை, அதாவது தண்டவாளம் பிரியும் இடத்தை, கடக்க வேண்டும். எட்டரை அடிக்கு ஓர் அடி விலகும், எட்டரைக்கு ஒன்று என்ற கூர்மையான பாயிண்ட் என்றால் வேகம் மணிக்கு 15 கி.மீ.; நொடிக்கு 4.2 மீட்டர்கூட இல்லை. 650 மீட்டர் முழுதாகக் கடக்க 156 நொடி. பன்னிரண்டுக்கு ஒன்று என்ற நீண்ட பாயிண்ட்டில் 30 கி.மீ. போகலாம், 78 நொடி போதும். இந்த ஒன்றேகால் நிமிட வித்தியாசம் ஒவ்வொரு ரயிலுக்கும் சேர்கிறது. எதிர்ப்பாதையைக் குறுக்கே வெட்டிக்கொண்டு போகும் ரயில் என்றால், அந்த நேரம் முழுதும் எதிரே வரும் ரயிலுக்குச் சிவப்பு. நீண்ட பாயிண்ட் போட நீண்ட இடம் வேண்டும், அதற்கு யார்டு இரு முனையிலும் நீள வேண்டும். சூரமங்கலத்தில் இரு முனையிலும் இன்று ஊர் வந்துவிட்டது. 1861இல் வெட்டவெளியாக இருந்த அதே இடம்தான் இது.

பயணிகள் ரயிலிலும் இதே கதை. பழைய ஐ.சி.எஃப். பெட்டி சுமார் 22.3 மீட்டர், 24 பெட்டிக்கு 535 மீட்டர். புதிய வகையான எல்.எச்.பி. பெட்டி சுமார் 24 மீட்டர். 24 பெட்டிக்கு 576 மீட்டர், எஞ்சினோடு 600ஐத் தொடும். பெட்டி எண்ணிக்கை மாறாமலே ரயில் 40 மீட்டர் நீண்டுவிட்டது. 24 பழைய பெட்டிக்கு அளவெடுத்துக் கட்டிய நடைமேடையில் கடைசி ஒன்றரைப் பெட்டி சரிவுப் பகுதியில் நிற்கும். அந்த முனைச்சரிவு 6க்கு 1 வரை இருக்கலாம் என்பது விதி. பொதுப் பெட்டிகள் ரயிலின் முனைகளில் இருப்பதால், மூட்டையோடும் குழந்தையோடும் ஏறுகிறவர்களுக்குத்தான் அந்தச் சரிவு வந்து வாய்க்கிறது. நடைமேடை நீட்டும் வேலையை அலங்கார வேலைக்குப் பின்னால் தள்ளுவது நியாயமில்லை.

எஞ்சின் திருப்பம்

ஐந்து திசை கொண்ட ஜங்ஷனில், ஒரு முனையில் நுழைந்து அதே முனையில் வெளியேற வேண்டிய ரயிலுக்கு எஞ்சினை மாற்றி மாட்ட வேண்டும். வேலையின் வரிசை இது: எஞ்சினைக் கழற்று, காலியான பக்கத்துப் பாதை வழியாக அதை மறுமுனைக்குக் கொண்டுபோ, அல்லது அங்கே வேறு எஞ்சினைத் தயாராக வை, மாட்டு, பிரேக் குழாயில் ஒரு சதுர சென்டிமீட்டருக்கு 5 கிலோ, ஊட்டுக் குழாயில் 6 கிலோ அழுத்தம் ஏறும் வரை காத்திரு, கடைசிப் பெட்டி வரை பிரேக் பிடிக்கிறதா, விடுகிறதா என்று பார், கடைசிப் பெட்டி இதுதான் என்று காட்டும் எல்.வி. பலகையையும் விளக்கையும் மறுமுனைக்கு மாற்று. எதையும் தாவ முடியாது. நடுவில் காற்று கசியும் ஒரு குழாய் இணைப்பு இருந்தாலே பத்து நிமிடம் போய்விடும். இந்த நேரம் முழுதும் ஒரு நடைமேடையும், எஞ்சின் ஓட ஒரு பாதையும் அடைபட்டிருக்கும்.

இரு முனையிலும் ஓட்டுநர் அறை கொண்ட டெமு, மெமு வண்டிகளுக்கு இந்தப் பாடே இல்லை. கிளைப் பாதைகள் டீசலாக இருந்த காலத்தில், பிரதான பாதையின் 25 கிலோவோல்ட் மின் எஞ்சினையும் இங்கே மாற்ற வேண்டியிருந்தது. கிளைகள் மின்மயமான பிறகு அந்த ஒரு சுமை குறைந்தது.

கட்டடத்தைப் படிப்பது

ஜங்ஷன் கட்டடத்தை முகப்பிலிருந்து பார்க்கிறவர்கள் அதிகம். இந்த மாதிரி நிலையங்களை நடைமேடைப் பக்கம் கீழிருந்து மேலே பார்க்க வேண்டும். தண்டவாளத்துக்கு அடியில் ஜல்லி கொட்டி இயந்திரத்தால் இடிக்கும் ஒவ்வொரு முறையும் தண்டவாளம் சில மில்லிமீட்டர் உயர்கிறது. பல ஆண்டில் நடைமேடை 760 மி.மீ.க்குக் கீழே போய்விடும். உடனே நடைமேடையை உயர்த்துவார்கள். உயர்த்திக்கொண்டே போனால் பழைய கட்டடத்தின் வாசல் குட்டையாகும், சன்னல் அடி தரையைத் தொடும், வளைவுகள் கழுத்து புதைந்தது போலத் தெரியும். ஒரு பழைய நிலையத்தில் கதவின் உயரம் விகிதம் கெட்டிருந்தால், அதன் காலடியில் எத்தனை தளம் புதைந்திருக்கிறது என்று தேட வேண்டும்.

தண்ணீரும் அங்கேதான் நிற்கும். பயணி தண்டவாளப் பக்கம் உருளாமல் இருக்க, நடைமேடை தண்டவாளத்திலிருந்து விலகி 60க்கு 1 சரிவாக இருக்க வேண்டும். 12 மீட்டர் அகல நடைமேடை என்றால் கட்டடத்தின் காலடி 200 மி.மீ. தாழ்வு. ஓரத்தில் மூடிய வடிகால் இல்லையென்றாலோ, தேநீர்க் கோப்பைகள் அதை அடைத்தாலோ மழைத் தண்ணீர் நேராகச் சுவருக்குள் ஏறும். சுண்ணாம்புப் பூச்சு உதிர்வது மேலே ஒழுகுவதால் என்று நினைத்துக் கூரையில் செலவழிப்பார்கள். தரையிலிருந்து ஒரு மீட்டருக்குள் மட்டும் உதிர்ந்தால் குற்றவாளி வடிகால்.

கூரையும் தன் பங்குக்குக் கெடும். சென்னை மாகாணத்தின் அக்காலப் பொதுக் கட்டடங்களின் வழக்கமான கூரை மெட்ராஸ் டெரஸ். இரும்பு உத்தரத்தின் மேல் தேக்குச் சட்டங்கள். அவற்றின் மேல் 15 x 7.5 x 2.5 சென்டிமீட்டர் சிறு செங்கலை விளிம்பில் நிறுத்தி, 45 பாகைச் சாய்வில் சுண்ணாம்புச் சாந்தில் கட்டுவது. மேலே 10 சென்டிமீட்டர் செங்கல் ஜல்லிச் சுண்ணாம்புக் கலவை கொட்டி, மூன்று நாள் மரக்கட்டையால் அடித்து 7.5 சென்டிமீட்டருக்கு இறுக்குவது. அதன் மேல் தட்டோடு. கடுக்காய், வெல்லத் தண்ணீர் சேர்த்து அடித்த தளம் தலைமுறை தாண்டி நிற்கும்.

அதைக் கெடுப்பது பெரும்பாலும் பழுதுபார்ப்புதான். ஒழுகுகிறது என்றதும் மேலே சிமென்ட் பூச்சு போடுகிறார்கள். சுண்ணாம்புத் தளம் வெயிலில் விரியும், குளிரில் சுருங்கும், ஈரத்தை மேல்நோக்கி வெளிவிடும். சிமென்ட் அந்த வழியை அடைத்துவிடுகிறது. ஈரம் கீழே இறங்கித் தேக்குச் சட்டத்தின் சுவர்முனையை மக்கச் செய்கிறது, உத்தரத்தின் அடிப்பட்டையைத் துருவேற்றுகிறது. பார்க்க வேண்டிய இடங்கள்: சட்டம் சுவருக்குள் நுழையும் கடைசி ஒரு சாண், மழைநீர்த் தூம்பின் வாய், அரசங்கன்று முளைத்த கைப்பிடிச் சுவர். சட்டத்தைச் சுத்தியால் தட்டினால் கெட்ட இடம் பொத்தென்று கேட்கும். சிமென்டை உரித்துவிட்டு, கெட்ட சட்டத்தை மட்டும் மாற்றி, அந்தப் பகுதிக்கு மீண்டும் சுண்ணாம்புத் தளம் அடிப்பதே சரியான முறை.

நடைமேடைக் கூரைத் தூண்களையும் கவனிக்க வேண்டும். ஓய்வு பெற்ற தண்டவாளத்தையே தூணாகவும் உத்தரமாகவும் நட்டு வேலை முடிப்பது இந்திய ரயில்வேயின் பழைய பழக்கம். சில தண்டவாளங்களின் இடுப்பில் ஆலையின் பெயரும் உருட்டிய ஆண்டும் புடைப்பெழுத்தில் இருக்கும். பெயின்ட்டைச் சுரண்டாமல், காகிதம் வைத்துக் கரியால் தேய்த்தாலே எழுத்து வந்துவிடும். ஆனால் அந்த ஆண்டு தண்டவாளம் பிறந்த ஆண்டு. கூரை கட்டிய ஆண்டு அதற்கு எவ்வளவோ பின்னால் இருக்கலாம். இந்தக் குழப்பத்தால் பல கட்டடங்களுக்குத் தவறான வயது எழுதப்பட்டுவிடுகிறது.

நடைமேம்பாலம் நிலையத்தின் உருவத்தையே மாற்றிய சேர்க்கை. மின்கம்பி வந்த பிறகு பாலத்தின் அடி தண்டவாளத்திலிருந்து 6.25 மீட்டர் மேலே இருக்க வேண்டும். உத்தரத்தின் தடிமனைக் கூட்டி, நடைமேடையின் உயரத்தைக் கழித்தால் பயணி ஏற வேண்டியது சுமார் 6 மீட்டர். 15 சென்டிமீட்டர் படியில் 40 படி. 12க்கு 1 சாய்தளம் வைத்தால் 72 மீட்டரும் அதற்கு மேல் இளைப்பாறும் தளங்களும் வேண்டும். தூண்கள் தண்டவாள நடுக்கோட்டிலிருந்து 4720 மி.மீ. தள்ளி, அதாவது விளிம்பிலிருந்து சுமார் 3 மீட்டர் உள்ளே நிற்க வேண்டும் என்பதால், இரு பக்கமும் ரயில் நிற்கும் நடைமேடையில் 3 மீட்டர் அகலப் படிக்கட்டு வைக்கக் குறைந்தது 9 மீட்டர் அகலம் தேவை. மீட்டர்கேஜ் காலத்து நடைமேடைகள் எல்லாவற்றிலும் அது இருக்காது. படியடியில் கூட்டம் தேங்குவதற்குக் காரணம் பயணிகளின் அவசரம் மட்டுமல்ல.

2007 நவம்பர் 1 அன்று சேலம் ரயில்வே கோட்டம் உருவாகி, நீலகிரி மலை ரயில் உட்படப் பல பாதைகளின் நிர்வாகம் சூரமங்கலத்துக்கு வந்தது. அலுவலகம், குடியிருப்பு, இரண்டு சக்கர வாகன நிறுத்தம் என்று நிலம் மேலும் நெருங்கியது. நிலைய வளாகத்தில் எதை இடித்தாலும், அதற்கு முன் செய்ய வேண்டிய வேலை இரண்டு நாளில் முடியக்கூடியது: தண்டவாள மட்டத்தைச் சுழியாகக் கொண்டு நடைமேடை, வாசற்படி, சன்னல் அடி, கூரை அடி ஆகியவற்றின் உயரங்கள், சுவரின் தடிமன், செங்கலின் மூன்று அளவுகள், ஒவ்வொரு தூணின் புடைப்பெழுத்து, ஒவ்வொரு அறைக்கும் நான்கு மூலையிலிருந்து ஒரு புகைப்படம். இருவர், ஒரு நாடா, ஒரு தண்ணீர் மட்டக் குழாய் போதும். மட்டக் குழாயில் காற்றுக் குமிழி இல்லை என்பதை ஒவ்வொரு அளவுக்கும் முன் பார்த்துக்கொள்ள வேண்டும்.